நாலு கைப் படம்

"மணலை என்ன விலை, தம்பி?"

"விக்கிறத்துக்கு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்லடி வாவிக்கரையில் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் பன்னிரண்டு வருசமாக மாறவில்லை. கேட்பவர் சீதேவிப்பிள்ளை மிஸ். சொல்பவன் வினாயகமூர்த்தி. மணலை மீன் என்னவோ விற்பனைக்குத்தான் கிடக்கும். முன்னால் நிற்பவளுக்கு ஒரு கூறு, பின்னால் நிற்பவளுக்கு ஒரு கூறு என்று அள்ளிக் கொடுத்துக்கொண்டேதான் அவன் அந்தப் பதிலைச் சொல்வான். சீதேவிப்பிள்ளை கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னும் ஒரு நிமிசம் நிற்பார். மீனைப் பார்க்க மாட்டார். அவன் கையைப் பார்ப்பார். பிறகு நாலடி தள்ளி மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கும் காத்தான்குடி ஸாஹிரிடம் போய், அதே தோணியில் இருந்து இறங்கின அதே மீனைக் கூட விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்.

"மச்சான் அன்பளிப்பு, நீ இப்பிடியே கோவமா இரு," என்பான் ஸாஹிர். "உன்ட கோவத்துலதான் என்ட ஞாயித்துக்கிழமை ஓடுது."

அன்பளிப்பு என்பது மூர்த்தியின் பட்டப்பெயர். வைத்தது ஊர். ஊருக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது சீதேவிப்பிள்ளையின் பேனை. அந்தக் கோபத்தைத்தான் அவன் தோணியில் ஏற்றி இறக்கிக்கொண்டு திரிந்தான்.

மண்டூரில் பிறந்தவர் சீதேவிப்பிள்ளை. கல்லடியில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார். சிங்களம் நன்றாகப் படித்தவர். வாவிக்கரை முகாம் ஒன்றின் ஊடகப் பிரிவில் பதினாறு வருசமாக மொழிபெயர்ப்பு வேலை. அந்த அறையில் ஐந்து மேசை. நாலில் சீருடை, ஐந்தாவதில் ஒரு சேலை. இராணுவம் கிணறு திறந்தால், மூக்குக் கண்ணாடி கொடுத்தால், கோயில் வீதியைக் கூட்டினால், அதிகாரி அதைச் சிங்களத்தில் எழுதுவார். இவர் தமிழில் ஆக்கிப் பத்திரிகைக்கும் பேஸ்புக்குக்கும் அனுப்புவார். படத்துக்குக் கீழே வருகிற இரண்டு வரியும் இவருடையதுதான். "படத்துக்கு வாய் இல்ல. நாமதான் வாய் வெச்சு விடுறம்" என்று சொல்லுவார். சொல்லும்போது முகத்தில் பெருமையும் இருக்காது, வெட்கமும் இருக்காது. ஐம்பத்தொன்பது வயது முடிந்து பதினொரு மாதம். மாதக் கடைசியோடு ஓய்வு.

மூர்த்தியின் கதைக்கு வருவோம். யுத்தம் முடிந்த அடுத்த வருசம் பரிசோதனை என்று சொல்லிப் பதினாலு தோணியை முகாமுக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். என்னத்தைப் பரிசோதித்தார்களோ, மூன்று வருசம் மணலில் கவிழ்த்துப் போட்டு வெயிலுக்குத் தின்னக் கொடுத்தார்கள். அந்த மூன்று வருசமும் மூர்த்தி பிறத்தியான் தோணியில் கூலிக்குப் போனான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு எந்தக் கந்தோரில் போய்க் கதிரையில் இருப்பது? ஒரு நாள் ஆள் வந்து சொன்னது, தோணியை எடுக்க வாங்க என்று. வாயில் வெறுந்தேத்தண்ணி கூட வைக்காமல் ஓடினான்.

அங்கே பார்த்தால் மேடை, கதிரை, மாலை. மேடைக்குப் பின்னால் ஒரு துணிப் பதாகை: 'இராணுவத்தின் அன்பளிப்பு'. அந்த முகாமில் தமிழில் இருந்தது அந்த ஒரே பதாகைதான். பள்ளிக்கூடப் பைக்கும் அதுதான், கோழிக்குஞ்சுக்கும் அதுதான். கீழே திகதி மட்டும் ஒட்டுத்துணியில் இருக்கும். பிய்த்துவிட்டுப் புதிசை ஒட்டிக்கொள்ளலாம். பறித்த தோணியைத் திருப்பிக் கொடுக்கிற நாளுக்கென்று யார் தனியாகப் பதாகை அடிப்பார்கள்? அதையே கட்டிவிட்டார்கள்.

மூர்த்தியை மேடையில் ஏற்றினார்கள். ஒரு துடுப்பைக் கொண்டுவந்து, ஒரு நுனியை அதிகாரி பிடித்துக்கொண்டு மறு நுனியை இவன் கையில் கொடுத்தார். அப்போதுதான் இவன் கண் மேடைக்கு அங்கால் போனது. வரிசையில் மூன்றாவதாகக் கிடந்தது அவன் தோணி. அணியத்தில், தோணியின் முன்முனையில், அவன் மகள் ஆணியால் கீறின கோணல் மீன், வால் இல்லாத மீன், அழியாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே ஒரு கணம். அந்தக் கணத்தில்தான் படம் எடுத்தார்கள்.

மறுநாள் பத்திரிகையில் வந்தது: 'வறிய மீனவருக்கு இராணுவம் தோணி அன்பளிப்பு'.

வறியவனாம். கல்யாணத்துக்கு முந்தியே சொந்த உழைப்பில் தோணி வாங்கினவனை மூன்று வருசம் கூலிக்காரன் ஆக்கினவர்களே எழுதுகிறார்கள், வறியவன் என்று. மூர்த்தி அந்தப் பேப்பரைக் கிழித்து அடுப்பில் வைத்தான். ஆனால் அவன் வீட்டில் வந்தது ஒரு பேப்பர்தானே. ஊரில் எத்தனை வீடு! அன்று பொழுதுபட முதல் வாவிக்கரையில் ஒருத்தன் கூப்பிட்டான், "டேய் அன்பளிப்பு, வலையும் ஆமிதான் தந்ததா?" அவனை மூர்த்தி சகதியில் போட்டு உருட்டினான். உருட்டினதோடு பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அத்தோடு போயிருந்தாலும் போயிருக்கும். படம் நடக்கத் தொடங்கியது.

வருசத்துக்கு ஒரு முறை பல முகாம்களின் ஊடக அலுவலர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். அனுபவப் பகிர்வு என்று பெயர். தாங்கள் எடுத்ததில் சிறந்த பத்துப் படத்தைக் கொண்டுவந்து பொதுவில் போட வேண்டும், மற்றவன் எடுத்துக்கொள்ளலாம். தாங்கள் படித்த பாடத்தைச் சொல்ல வேண்டும், மற்றவன் எழுதிக்கொள்ளலாம். நல்ல வழக்கம்தான், பொதுக் கிணறு மாதிரி. உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் அள்ளிக் குடித்தால்தான் வயிறு கெடும். அந்த வருசம் மூர்த்தியின் சிரிப்புக்கு முதற்பரிசு. பிறகு அது யார் யாருடைய கையிலோ போனது. ஒரு கலண்டரில் வந்தது. ஒரு சந்தியில் ஆள் உயரப் பலகையாக நின்றது. வேறு மாவட்டத்தில் வீடமைப்புத் திட்டம் ஒன்றுக்குத் தோணியை வெட்டி எறிந்துவிட்டுப் பின்னால் ஒரு கல்வீட்டை வைத்தார்கள். தோணி போய் வீடு வந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே. வாகரையில் இருக்கிற மச்சினன் போன் எடுத்துக் கேட்டான், "அத்தான், வீடு கிடைச்சத எங்களுக்குச் சொல்லவே இல்லயே?"

சீதேவிப்பிள்ளை அந்த அறையில் ஒன்பது அதிகாரிகளைக் கண்டுவிட்டார். இரண்டு வருசத்துக்கு ஒருவர் மாறுவார். யாருடைய பெயரும் அவர் வாயில் வராது. முதலாம் சேர், மூணாம் சேர், ஆறாம் சேர் என்று இலக்கம்தான். மூர்த்தியின் படம் மூணாம் சேர் காலத்தது. வருகிற சேர் மினுங்குகிற சப்பாத்தோடு வருவார், ஒன்றும் தெரியாமல் வருவார். மூன்று மாதத்துக்குள் இவர் படிப்பித்துவிடுவார். படித்ததைக் கொண்டுபோய்ப் பகிர்வுக் கூட்டத்தில் தன்னுடையது என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு அவர் மாற்றலாகிப் போவார். அடுத்தவர் மறுபடியும் ஒன்றும் தெரியாமல் வருவார்.

படிப்பிக்கிறது ஒரு கொப்பியில் இருந்து. பழைய கலண்டர் தாளால் அட்டை போட்ட தடித்த கொப்பி. ஒரு பக்கத்துக்கு ஒரு பிழை. பிழை என்ன, செய்தது யார், திருத்தம் என்ன, திருத்திய திகதி என்ன. செத்த வீட்டுக்குள் கமராவோடு போகக் கூடாது. வெள்ளத்தில் நனைந்த உடுப்போடு நிற்கிற பெண்ணைப் படம் எடுக்கக் கூடாது. பஸ் ஒன்று ஓடி முடியும் வரைக்கும் வீதி திறந்தது என்று எழுதக் கூடாது. கிணற்றுப் பக்கம் ஒன்று இருக்கிறது: பெரிய அதிகாரி வந்து கிணறு திறந்தார், வாளியில் தண்ணீர் அள்ளினார், படம் வந்தது. அந்தத் தண்ணீர் காலையில் பவுசர் லொறியால் கொண்டுவந்து ஊற்றினது என்று ஊருக்கே தெரியும். "சனம் ஒரு மாசம் சிரிச்சிது. சனம் நம்பாட்டி செய்தி எண்டிறது நாறின மீன். எவ்வளவு ஐஸ் போட்டாலும் சரிவராது," என்று ஐந்தாம் சேரிடம் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

அந்த ஐந்தாம் சேர்தான் கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு போய்ப் பகிர்வுக் கூட்டத்தில் நாற்பது நிமிசம் பேசினவர். அன்று தமிழ்ப் பத்திரிகையாளர் சிலரும் வந்திருந்ததால் பின்னால் ஒரு கதிரை போட்டுச் சீதேவிப்பிள்ளையைத் தமிழாக்கச் சொன்னார்கள். "என்ட கொப்பிய எனக்கே மொழிபெயர்க்க வெச்சானுகள்," என்பார். பகிர்வு என்றால் ஆளுக்கு ஒரு பங்கு போடுவது. இங்கே பங்கு போட்டது முழுக்க ஒருத்தியின் கொப்பி. போட்டவள் பெயரைக் காணோம்.

எல்லாரும் அப்படி என்று சொல்லக் கூடாது. நாலாம் சேர் கேட்டுப் படிக்கிற மனுசன். வெள்ளம் வந்த கிழமை கமராவை மேசையில் வைத்துவிட்டுச் சனத்தைத் தோளில் தூக்கிக் கரைசேர்த்தார். அந்தக் கிழமை ஒரு படமும் அனுப்பவில்லை. மேலே இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "நல்லது செஞ்சதுக்கு விளக்கம் குடுத்த ஒரே சேர்," என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்.

கையைப் பார்க்கிற பழக்கம் அந்த வேலையில் வந்ததுதான். "முகம் பொய் சொல்லும். சிரி எண்டா சிரிக்கும். கைக்கு நடிக்க ஏலா." கையளிப்புப் படத்துக்கு நாலு கை வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். கொடுக்கிறவன் கை இரண்டு, வாங்குகிறவன் கை இரண்டு, நடுவில் பொருள். நாலு கையும் பொருளில் படாத படத்தை மேலிடம் எடுக்காது. படம் இல்லாவிட்டால் விழா இல்லை. செய்தி போகாது, பொருளும் களஞ்சியத்தை விட்டு வெளியே போகாது. ஒருமுறை படம் மங்கிப் போனதென்று நாற்பது தையல் மெசினைத் திருப்பி வாங்கி, அடுத்த கிழமை மறுபடியும் கொடுத்தார்கள். இதில் ஊறினதாலோ என்னவோ, சீதேவிப்பிள்ளை கல்யாண வீட்டில் பரிசைக் கொடுத்துவிட்டுப் படக்காரன் வருவதற்கு முன் கையை எடுத்துவிடுவார். "பிடிச்சுக்கொண்டு நில்லுங்க மாமி" என்று பெண் கெஞ்சினாலும் சரிதான். "என்ட கைய வேலையிலயே வித்துட்டன் மகள். கல்யாணத்துலயும் கேக்காதீங்க."

மூர்த்தியின் மகள் விதுர்ஷாவுக்கு இப்போது பதினெட்டு. வாலில்லாத மீன் கீறினவள். படம் பிடிப்பதில் ஆசை. போன மாதம் ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் பட்டறை வைத்தது என்று போனாள். வந்தவள் கையைக் கழுவிவிட்டுச் சோற்றுக்கு முன் இருந்து அப்படியே இருந்தாள்.

"என்ன புள்ள?"

"ஆமில இருந்து ஒரு சேர் வந்து வகுப்பெடுத்தவர் அப்பா. உங்கட படத்தப் பெரிசாப் போட்டவர். நன்றியுள்ள முகத்த எப்பிடி எடுக்கிறது எண்டு படிப்பிச்சவர்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல."

"அப்பன் எண்டு சொல்லல்லயா?"

"வெக்கமா இருந்திச்சு."

மூர்த்தி சோற்றுக் கோப்பையை எடுத்து முற்றத்தில் எறிந்தான். கோபம் மகள்மேல் இல்லை. ஆனால் மகள் அப்படித்தான் நினைத்திருப்பாள். அதுவும் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஞாயிறு. ஏழு மணி. கறுப்புக் குடை.

"மணலை என்ன விலை, தம்பி?"

"நில்லுங்க மிஸ்!" என்றான் மூர்த்தி. கையில் மீன் வெட்டுகிற கத்தி. கூறு பார்த்துக்கொண்டிருந்த பெண்டுகள் ஒதுங்கினார்கள். "என்ட மூஞ்சியப் போட்டு என்ட மகளுக்கே நன்றி படிப்பிக்கிறானுகள். நன்றியாம் நன்றி! யாருக்கு யாரு நன்றி சொல்றது? என்ட தோணிய மூணு வருசம் கவுத்துப் போட்டு வெடிக்க வெச்சவனுக்கா? நீங்கதானே எழுதின?"

"ஓம்."

"தெரியாம எழுதினயா?"

"தெரிஞ்சுதான் எழுதினன். மேடையில கட்டின பெனர் பிழை எண்டும் தெரியும், தோணி உங்கட எண்டும் தெரியும். வேலைக்குப் பயந்து எழுதினன்."

அவர் ஏதாவது சாக்குப்போக்குச் சொல்லுவார் என்று மூர்த்தி எதிர்பார்த்திருந்தான். சாட்டுச் சொன்னால் அதைக் கிழித்து எறிய அவனிடம் பன்னிரண்டு வருசத்துச் சொல் இருந்தது. இதில் கிழிக்க என்ன இருக்கிறது?

"தெரிஞ்சு எழுதின ஆள் என்னத்துக்கு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை என்ட முன்னால வந்து நிக்கிற?"

"ஏசுவீங்க எண்டு வந்தன். நீங்க மீன் இல்ல எண்டு மட்டும் சொன்னீங்க."

"அல்லாவே!" என்றான் ஸாஹிர். "ஏச்சு வாங்கவா மிஸ் என்னட்ட இவ்வளவு விலைக்கு மீன் வாங்கின?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சீதேவிப்பிள்ளை பையில் இருந்து கொப்பியை எடுத்தார். முதலாவது பக்கத்தை விரித்து, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி உரக்க வாசித்தார்.

"பக்கம் ஒண்டு. பிழை: பறிச்சுத் திருப்பிக் குடுத்த தோணிய அன்பளிப்பு எண்டு எழுதினது. எழுதினவர்: சீதேவிப்பிள்ளை. திருத்தம்: இன்னும் இல்ல."

பிறகு சொன்னார். கொப்பியில் முப்பத்திரண்டு பக்கம். ஒன்பதாம் சேர் அதைக் கைநூலாக அச்சடித்துவிட்டார். எல்லா முகாமுக்கும் போகப் போகிறது; இனி வருகிற ஊடக அலுவலர் எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள். கைநூலில் பாடம் முப்பத்தொன்று. முதலாவதைக் காணோம். கேட்டதற்கு, "மிஸ், பழைய காயத்தைக் கிளறக் கூடாது" என்றாராம். கேட்டதற்குக் கூலியாக அட்டையையும் காட்டினாராம். அட்டையில் மூர்த்தி துடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். பொய் எழுதாதே என்று சொல்கிற புத்தகத்துக்கு அந்தப் பொய்யையே எடுத்துச் சட்டையாகப் போட்டிருக்கிறார்கள்.

"வாற புதன்கிழமை பகிர்வுக் கூட்டம். அங்கதான் வெளியீடு. அட்டையில இருக்கிற ஆளத் தேடிப் பிடிச்சு முதல் புத்தகத்த அவருக்குக் குடுக்கணுமாம். என்னட்டத்தான் தேடச் சொல்லி இரிக்காங்க. வாறீங்களா தம்பி?"

"வந்து? இன்னொருக்காப் பல்லக் காட்டவா?"

"கதைக்க. பயனாளியின் சொல் எண்டு பத்து நிமிசம் போட்டிரிக்கு. நீங்க தமிழ்ல சொல்லுங்க. நான் சிங்களத்துல சொல்லுவன்."

"நான் ஏசுவன்."

"ஏசுங்க."

"நீங்க அதுக்குச் சீனி போடுவீங்க. உங்கட தொழிலே அதுதானே."

சீதேவிப்பிள்ளை குடையை இடுக்கிக்கொண்டு ஸாஹிரிடம் போனார். அன்றைக்கும் மூர்த்தி அவருக்கு மீன் கொடுக்கவில்லை.

புதன்கிழமை மண்டபம் நிறைய ஊடக அலுவலர்கள். ஐம்பது பேருக்குக் குறையாது. ஆளுக்கொரு கமரா, ஆளுக்கொரு மடிக்கணினி. சன்னலுக்கு வெளியே வாவி. மகள் அழுத்திக் கொடுத்த வெள்ளைச் சாரமும் சேட்டும் போட்டுக்கொண்டு மூர்த்தி வாசலில் நின்றான். முதலில் அவன் கண்ணில் பட்டது பதாகை. அதேதான். மடித்து மடித்து வைத்ததில் நடுவில் வெளிறியிருந்தது. திகதி மட்டும் புதிசு. புத்தகத்துக்கும் அன்பளிப்புத்தான். பக்கத்துத் திரையில் சுவர் அளவுக்கு அவன் முகம், பன்னிரண்டு வருசத்துக்கு முந்தின பல்லோடு. ஆளை அடையாளம் கண்டதும் மண்டபம் எழும்பிக் கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. நரைத்த மனுசன். நாலாம் சேராம், இப்போது கேணல்.

ஒன்பதாம் சேர் இளம் மேஜர். சிரித்த முகம். மூர்த்தியின் தோளில் கை போட்டு மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மைக்கின் ஒரு பக்கம் மூர்த்தி, மறு பக்கம் சீதேவிப்பிள்ளை.

"அந்தத் தோணி என்ட," என்றான் மூர்த்தி.

சீதேவிப்பிள்ளை சிங்களத்தில் சொன்னார்.

"எனக்கு ஒருத்தனும் ஒண்டும் தரல்ல. நான் துடுப்புப் பிடிச்ச ஆளப் பாத்துச் சிரிக்கல்ல. என்ட மகள் கீறின மீனப் பாத்துச் சிரிச்சன்."

சொன்னார். மேஜரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூர்த்திக்குச் சிங்களம் பெரிதாகத் தெரியாது. அவர் சீனி போடுகிறாரா இல்லையா என்று எப்படிப் பிடிப்பது? அவனுக்கு நன்றாகத் தெரிந்த சிங்களச் சொல் ஒன்று இருந்தது. சோதனைச் சாவடியில் அவனைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே படிப்பித்த சொல். அதன் தமிழைப் போட்டுப் பார்த்தான்.

"களவெடுத்தவன் திருப்பிக் குடுத்தா அதுக்கு அன்பளிப்பு எண்டா பேர்? உங்கட ஊர்லயும் அப்பிடித்தானா? களவு! களவெண்டு எழுத உங்கட பேனைக்குக் கை வராதா?"

அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். சீதேவிப்பிள்ளை ஒரு மூச்சு எடுத்தார். பதினாறு வருசமாக அந்த அறையில் ஒருவரும் கேட்டிராத குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார். "ஹொரகம." அவன் இரண்டு தரம் சொன்னதற்கு இவரும் இரண்டு தரம் சொன்னார். அதோடு நிற்கவில்லை. கொப்பியை விரித்து முதலாவது பக்கத்தைச் சிங்களத்தில் வாசித்தார். அவர் பெயர் வருகிற இடம் மூர்த்திக்கும் விளங்கியது. கடைசி வரியைத் தமிழிலும் சொன்னார்: "திருத்தம் இன்னும் இல்ல."

பின்வரிசையில் நாலாம் சேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அந்த இடத்தில் வேறு யாராவது என்றால் கூட்டத்தைக் கலைத்துவிட்டு ஓடியிருப்பார்கள். ஒன்பதாம் சேர் படித்தவர், அதுவும் சீதேவிப்பிள்ளையிடமே படித்தவர். என்ன நடந்தாலும் நிகழ்ச்சி நிரலை விடக் கூடாது என்பது அவருடைய கொப்பியில் பதினேழாம் பக்கம். மேஜர் மைக்கை வாங்கிச் சிரித்த முகத்தோடு, "பெறுமதியான பகிர்வு, மிக்க நன்றி," என்றார். தமிழில்தான் சொன்னார். பிறகு புத்தகத்தை எடுத்தார்.

மூர்த்திக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. களவென்று சொன்னதையும் பகிர்வென்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறவனை என்ன செய்வது? கமராக்காரர் பத்துப் பதினைந்து பேர் மேடைக்குக் கீழே வந்து குந்தினார்கள். மேஜர் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "சிரிங்க ஐயா," என்றது கீழே இருந்து ஒரு குரல். மூர்த்தியின் கை தன்பாட்டில் எழும்பியது. பறித்துச் சன்னலால் வாவிக்குள் எறிகிறதென்று கைக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கையைச் சீதேவிப்பிள்ளை பார்த்தார்.

"தொடாதீங்க தம்பி," என்றார், அவனுக்கு மட்டும் கேட்க. "தொட்டாலே நாலு கை வந்திரும். எறிஞ்சாலும் தொட்டதத்தான் போடுவாங்க. அதுக்குத் தலைப்பு எழுத நாளைக்கு வேற ஒருத்தி வருவா."

"அப்ப நான் என்ன செய்ய?"

"கையப் பின்னால கட்டுங்க."

அவர் அவனிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மூர்த்தி கட்டினான். வலக்கை மணிக்கட்டை இடக்கை பிடித்துக்கொண்டது, தோணியைக் கட்டுகிற கயிறு மாதிரி. சிரிக்கவில்லை. மேஜர் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார். இன்னும் கொஞ்சம். கமராக்களுக்குப் பின்னால் இருந்த முகங்கள் ஒன்றொன்றாக வெளியே வந்து பார்த்தன. வெளிறின பதாகைக்கு முன்னால் ஒரு புத்தகம், இரண்டு கை.